எத்தனை நாளைக்கு ஒருதடவை

ஆறு மணி அலாரம் அடித்தபோது ஜெனிட்டா ஒரு கையை அப்பாவின் தோளுக்கு அடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, அவரை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். பாதி புரட்டும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிய உடம்பு. எந்த இடத்தில் முனகும், எந்த இடத்தில் "மெதுவா" என்று அதட்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. முழுக்கப் புரட்டி, முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்து, வேட்டியைச் சரிசெய்த பிறகுதான் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். எடுத்த வேலையைப் பாதியில் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"சொல்லிட்டுப் போவக் கூடாதாப்பா?" என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் மறுபடி அடித்தது. அதை அணைப்பதற்கு எழுந்ததில் அழுகையும் நின்றுவிட்டது.

அந்தப் போனில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அலாரம். ஒவ்வொன்றாக வைத்தது. நீக்குவதென்றாலும் ஒவ்வொன்றாகத்தான் நீக்க வேண்டும். அதற்கு இப்போது யாருக்குப் பொறுமை இருக்கிறது.

முதலில் சென்னையிலிருந்த அண்ணன் ஆல்பினைக் கூப்பிட்டாள். அவன், "நேத்து ஞாயித்துக்கெழம வரலாம்னுதான் இருந்தேன் ஜெனி," என்றான். அடுத்து, "திங்கக்கிழமையாப் பாத்து... சரி, லீவு சொல்லிட்டுக் கெளம்புறேன்," என்றான். அப்பா திங்கட்கிழமை பார்த்துச் செத்தது தன்னுடைய தப்பு என்பதுபோல அவள், "சரிண்ணே," என்றாள். வைத்த பிறகுதான் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் எப்போதுமே ஒரு நிமிடம் பிந்தித்தான் வரும்.

சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருக்கும் செபஸ்தியம்மாள் அழுகைச் சத்தம் கேட்டுத் தலையை முடிந்துகொண்டே ஓடிவந்தாள். உறவுக்காரியில்லை. ஆனாலும் பிறந்ததிலிருந்து ஜெனிட்டாவுக்கு அவள் அத்தைதான். வந்தவள் வாயைத் துணியால் கட்டினாள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள், தலைமாட்டில் சிலுவையையும் மெழுகுவர்த்தியையும் வைத்தாள். எல்லாம் சரியாகச் செய்தாள். ஜெனிட்டாவின் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை. துக்கம் என்று ஜெனிட்டா நினைத்துக்கொண்டாள்.

சவேரியார்கட்டளையில் ஒரு சாவு விழுந்தால் கால் மணி நேரத்துக்குள் மாதா கோயில் மணி அடித்துவிடும். ஒன்று, நிறுத்தி மறுபடி ஒன்று. நடவு வயலில் நிற்பவர்கள் நிமிர்ந்து, இன்னார்தான் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி குனிவார்கள். ஜெனிட்டா கோயில்பிள்ளைக்குப் போன் செய்து சொன்னாள். அவர், "ஆண்டவரே," என்றார். பிறகு, "நாட்டாண்மைகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அடிக்கிறேம்மா," என்றார். சாவு மணிக்கு நாட்டாண்மையை எதற்குக் கேட்பது? ஏழு ஆயிற்று, ஏழரை ஆயிற்று. மழை ஒரு பாட்டம் பெய்து விட்டது. மணியைக் காணோம்.

பெரியநாயகசாமிக்கு உயிரோடிருந்தபோது பெரிய ஆசைகள் கிடையாது. ஒன்றே ஒன்று உண்டு. பதினாலு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன மனைவி மரியபுஷ்பத்துக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும். "ஆறடி விட்டு வச்சிருக்கேன். வேற எவனையும் அங்க கொண்டாந்து வச்சுடப் போறானுங்க. பாத்துக்க," என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தார். பக்கவாதம் வந்து வாய் கோணிய பிறகும் அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. அவள் பழக்கதோஷத்தில் எழுந்து கட்டிலருகே போய், கையை நீட்டி, அப்படியே நின்றாள். வாசலில் செருமல் கேட்டது. நாட்டாண்மை அருள்ஜோதி வந்திருந்தார். கூட இரண்டு பேர். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் உள்ளே வந்து கும்பிட்டு உட்காருவது வழக்கம். இவர்கள் மூவரும் வாசலில் அப்போதுதான் போட்டு முடித்த கொட்டகைக்கு வெளியே, நில அளவைக்கு வந்த சர்வேயர் மாதிரி நின்றார்கள்.

"மணி ஏன் மாமா இன்னும் அடிக்கல?"

அருள்ஜோதி துண்டை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார். "அடிக்கலாம்மா. அதுக்கு முன்னாடி ஒரு வெவரம் தெரிஞ்சுக்கணும். வருத்தப்படாத."

"செத்து ரெண்டு மணி நேரமாவுது. இன்னும் என்ன வெவரம்?"

"அப்பாவும் நீயும் அல்லேலூயா சபையில சேந்துட்டதா ஊர்ல ஒரு பேச்சு."

ஜெனிட்டா அவரைப் பார்த்தாள். பிறகு கூட வந்த இரண்டு பேரையும் பார்த்தாள். அவர்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"விடியக்காலமும் அந்தியிலயும் நீ அவரு மேல கைய வச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, அந்நிய பாஷையில செபம் பண்ணுறியாம். கேட்டவங்க இருக்காங்க. நீ மட்டும்னா கூடப் பரவால்ல. சின்னஞ்சிறுசு. அவரும் பேசுனாராம்." முப்பத்தொன்பது வயதுக்காரியைச் சின்னஞ்சிறுசு என்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை. "சபை மாறுனவங்களுக்கு நம்ம கல்லறையில எடம் இல்லன்னு தீர்மானம் போட்ருக்கு. ஒனக்கே தெரியும். அவங்கவங்க சபை, அவங்கவங்க கல்லறை. யாரையும் கொற சொல்லல."

அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்த செபஸ்தியம்மாளின் கையிலிருந்து தம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. கேட்டவர் யார் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு செங்கல் அகலச் சுவர். இங்கே தும்மினால் அங்கே நூறாயுசு என்பார்கள்.

"அது சீன பாஷை மாமா," என்றாள் ஜெனிட்டா.

கூட வந்தவரில் ஒருவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "சீனாக்காரன் இங்க எதுக்கு வர்றான்?"

எங்கே ஆரம்பிப்பது? அப்பா விழுந்த அன்றைக்குத் திருவாரூர் ஆஸ்பத்திரி வேலையை விட்டு வந்தாளே, அங்கிருந்தா? வீட்டிலிருந்தபடியே ஏதாவது வழி பார்க்கலாமென்று திருச்சி ஏஜென்டிடம் பெயர் கொடுத்தாளே, அங்கிருந்தா? ஹாங்காங்கில் ஒரு அடுக்குமாடி வீடு. படுத்த படுக்கையாக ஒரு கிழவி. மகளுக்கு இங்கிலீஷ் தெரியும், கிழவிக்குக் காண்டனீஸ் தவிர எதுவும் தெரியாது. கொஞ்சம் பேசக் கற்றுக்கொண்டு வந்தால் வேலை என்றார்கள். முத்துப்பேட்டைக்காரி மலர்க்கொடி ஒன்பது வருடமாக அங்கே வீட்டு வேலையில் இருக்கிறாள். இங்கிருந்து வரப்போகிறவர்களுக்கு அவள்தான் வாட்ஸப்பில் பேசி அனுப்பிப் பாடம் நடத்துகிறாள். "எப்ப வர முடியும்னு தேதி கேக்குறாங்க" என்று ஏஜென்ட் மாதாமாதம் கேட்பார். ஜெனிட்டா, "சொல்றேங்க," என்பாள். எந்தத் தேதியைச் சொல்வது? அப்பா இருக்கும்வரை போக முடியாது. அப்படியானால் அவள் காத்திருந்தது எதற்காக? இந்த எண்ணம் வரும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வரும். அந்த எரிச்சலில் போய் அப்பாவின் விரல் நகத்தை வெட்டிவிடுவாள்.

இதில் பாதியை அவள் சொன்னாள். அருள்ஜோதி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நம்புகிற ஆட்டமா, கேட்டுக்கொள்கிற ஆட்டமா என்று தெரியவில்லை.

"நோயாளிய வச்சுப் பாக்குற வேலை மாமா. எத்தனை நாளைக்கு ஒருதடவை வயிறு போவுது, எத்தனை மணிக்கு ஒருதடவை மாத்திரை, எப்பப்ப வலி வருது, இதெல்லாம் கேக்கத் தெரியணும். ஒரு மாசமா இந்தப் பாடந்தான். இத பாருங்க."

உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டினாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கிழித்துத் தமிழ் எழுத்தில் எழுதி, சோற்றுப் பசையால் ஒட்டிய சீட்டுகள். மருந்து டப்பாவில் 'யாட் யாட் ஸாம் ச்சீ', தினம் மூன்று தடவை. தண்ணீர்க் குடத்துக்கு மேலே 'யௌ ஸீ', சில சமயம். கட்டிலின் தலைமாட்டில், சிலுவைக்கு நேர் கீழே, கொட்டை எழுத்தில்: 'லியோங் கோ ஜுங் தாவ் யாட் ச்சீ.'

அருள்ஜோதி கடைசிச் சீட்டை உதடசையப் படித்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவைன்னு அர்த்தம் மாமா. அப்பாவைப் பொரட்டிப் போடுறது. படுக்கைப் புண்ணு வராம இருக்க."

"சிலுவைக்குக் கீழ ஒட்டியிருக்கியேம்மா."

"அங்கதான் எடம் இருந்துச்சு."

வேறு வழியில்லாமல் மலர்க்கொடி அனுப்பிய பாடத்தைப் போட்டுக் காட்டினாள். சாவு வீட்டில் மலர்க்கொடியின் குரல் கணீரென்று எழுந்தது. "கேய் நோய் யாட் ச்சீ... எத்தனை நாளைக்கு ஒருதடவை... எங்க, சொல்லுங்க. ஏத்த எறக்கம் முக்கியம். கண்ண மூடிக்கிட்டு, மனசை ஒருநெலைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லுங்க. தானா வந்துரும்."

கூட வந்த இரண்டாமவர் மெல்ல, "இப்பல்லாம் சபைக்காரங்க போன்லயேதான் செபம் நடத்துறாங்களாம்," என்றார்.

ஜெனிட்டாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வாய்க்கட்டு கொஞ்சம் விலகி, ஒரு பக்கமாகச் சிரிப்பதுபோல இருந்தது. ஒருவிதத்தில் அவர்தான் இதற்கெல்லாம் காரணம். காலையிலும் மாலையிலும் அவரைப் புரட்டும்போது அவரையே கிழவியாக வைத்துக்கொண்டு பழகுவாள். எத்தனை நாளைக்கு ஒருதடவை குளிப்பீங்க? எப்பப்ப பசிக்கும்? எப்பப்ப வலிக்கும்? அத்தனைக்கும் அவர் கற்றுக்கொண்ட ஒரே பதில் 'செங் யாட்'. எப்பப் பார்த்தாலும் என்று அர்த்தம். குளிப்பதும் செங் யாட், பசியும் செங் யாட். கோணிய வாய்க்கு அது சுலபமாக வந்தது. "ஒழுங்கா சொல்லுங்கப்பா, நான் பழகணும்ல," என்று சலித்துக்கொள்வாள். நேற்றுச் சாயங்காலம்கூட மூன்று கேள்விக்கும் அதையேதான் சொன்னார். கிண்டல் செய்கிறார் என்று கோபித்துக்கொண்டு கஞ்சி எடுத்துவரப் போய்விட்டாள்.

"சாமி வரட்டும்," என்று சொல்லிவிட்டு அருள்ஜோதி போய்விட்டார். பங்குச் சாமியார் கிளைக் கிராமத்தில் பூசை முடித்து வரப் பன்னிரண்டு ஆகும். மணி அடிக்கவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்களும் வரவில்லை. கொட்டகையில் வாடகைக்கு வந்த நாற்காலிகள் காலியாகச் சாரலில் நனைந்துகொண்டிருந்தன. பத்து மணி அலாரத்தை ஜெனிட்டா அடித்து ஓயும்வரை அடிக்கவிட்டாள்.

ஆல்பின் கார் பிடித்துப் பன்னிரண்டுக்கு வந்து சேர்ந்தான். அப்பாவின் காலைப் பிடித்து நன்றாகவே அழுதான். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து விஷயத்தைக் கேட்டான். "ஏன் ஜெனி, அதைச் சத்தமாத்தான் படிக்கணுமா? மனசுக்குள்ள படிக்கக் கூடாதா?"

"மனசுக்குள்ள படிச்சா பாஷை வருமாண்ணே?"

"இல்ல, ஊர்ல இருக்கோம்ல. நாலும் பாத்துத்தான் நடந்துக்கணும்." வந்திருந்த ஒன்றிரண்டு பேர் பக்கம் திரும்பி, "நான் அடிக்கடி வந்து போயிக்கிட்டுத்தான் இருந்தேன். யாரும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க," என்றான்.

அடிக்கடி. மூன்று வருடத்தில் நான்கு தடவை. அதற்கு மலர்க்கொடி வேறு ஒரு சொல் சொல்லிக்கொடுத்திருந்தாள்: 'ஹோ ஸியூ', மிகக் குறைவாக. அந்த ஊர்க்காரர்கள் இதில் கறாராம். அடிக்கடி என்று சொன்னால் எத்தனை தடவை என்று திருப்பிக் கேட்பார்களாம். நல்ல ஊர் என்று ஜெனிட்டா நினைத்தாள்.

பங்குச் சாமியார் டேவிட்சன் மழைக்கோட்டுடன் பைக்கில் வந்து இறங்கினார். வந்து எட்டு மாதம் ஆன இளவயதுக்காரர். நேராக உள்ளே போய்க் கும்பிட்டார், சுவர்ச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ஜெனிட்டாவைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவள் அப்பாவின் தலைமாட்டில் நின்று, அழுது வீங்கிய முகத்தோடு, எத்தனை நாளைக்கு ஒருதடவை என்று சீனத்தில் சொல்லிக் காட்டினாள். இப்படி ஒரு கூத்து யார் வீட்டுச் சாவிலும் நடந்திருக்காது.

"சீனம்தான் நாட்டாண்மை," என்றார் சாமியார். "எங்கூட செமினரியில ஒரு ஹாங்காங் பிரதர் படிச்சாரு. வீட்டுக்குப் பேசினா இப்படித்தான் இருக்கும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மா இல்லை. அருள்ஜோதி அசையவில்லை. "பாஷை சரி சாமி. ஆளு பதினோரு வருசமா கோயில் படி மிதிக்கலையே. பழைய சாமி நன்மை அப்பம் கொண்டாந்தப்பவும் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. ஊருக்கு நான் பதில் சொல்லணும்ல."

அது உண்மை. பதினோரு வருடத்துக்கு முன் திருவிழாச் சப்பரம் கரண்ட் கம்பி தாழ்வாக இருக்கிறதென்று இந்தத் தெருவுக்குள் திரும்பாமல் போனது. "மாதா எந்தெருவுக்கு வர்றப்ப நானும் அவ வீட்டுக்கு வர்றேன்," என்று பெரியநாயகசாமி சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். அப்பா மாதிரி ஒரு பிடிவாதக்காரரை மாதா பார்த்திருக்கமாட்டாள்.

சாமியார் ஜெனிட்டாவைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார். "முன்னெல்லாம் எத்தனை நாளைக்கு ஒருதடவை கோயிலுக்கு வருவாரும்மா?"

ஒரு மாதமாகப் படித்த பாடம். கேட்கத்தான் கற்றுக்கொண்டாளே தவிர, பதில் சொல்ல வேண்டிவரும் என்று நினைக்கவில்லை.

"கோயிலுக்கு வரமாட்டாங்க சாமி. கல்லறைக்குப் போவாங்க. திங்கக்கெழமை தவறாது. அம்மாகிட்ட மெழுகுவத்தி ஏத்தி, புல்லு செதுக்கிட்டு, செபமாலை சொல்லிட்டு வருவாங்க."

"படுத்துதான் மூணு வருசமாச்சே," என்றார் அருள்ஜோதி.

"அப்பறம் நான் போனேன்."

"வாரா வாரமா?" சாமியார்தான் கேட்டார்.

திங்கட்கிழமை தோறும் அப்பா கேட்பார், "போனியா?" அவள், "போனேன்பா," என்பாள். முதல் வருடம் போனாள். பிறகு சில சமயம். யௌ ஸீ. கடைசியாகப் போனது போன வருடம் ஆடியில். அவரைத் தனியே விட்டுவிட்டு வரப்புச் சேற்றில் ஒரு மைல் போய் வருவதற்குள் அலாரம் அடித்துவிடும். செத்தவளைப் பார்க்கப் போனால் இருப்பவருக்கு முதுகில் புண் வந்துவிடும் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

"வாரா வாரம் சாமி," என்றாள்.

"அப்ப ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துருவோம்," என்றார் அருள்ஜோதி. "கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. ஊரு இன்னும் புல்லு வெட்டல. போயிருந்தா தெரியும்ல."

இனித் தப்பிக்க வழியில்லை. ஜெனிட்டா குடையை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். ஆல்பின் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். செபஸ்தியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலேயே பின்னால் வந்தாள். இரண்டு பக்கமும் இப்போதுதான் நட்ட வயல்கள் தண்ணீரில் கிடந்தன. தான் சொன்ன ஒரு பொய்யால் அப்பாவைக் கொண்டுபோய் ஆற்றுப் படுகையில் புதைக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். ஆமாம் சாமி, நான் போகவில்லை, என் தப்பு, அவரைத் தண்டிக்காதீர்கள் என்று சொல்லிவிடலாமென்று வாயைத் திறப்பாள். முன்னால் போகிற அருள்ஜோதியின் முதுகைப் பார்த்ததும் மூடிக்கொள்வாள்.

கல்லறைத் தோட்டத்தின் கதவைக் கோரைப் புல்லே அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இடுப்பளவுக்குப் புல். சிலுவைகளின் தலைகள் மட்டும் அங்கங்கே தெரிந்தன. வருடத்துக்கு ஒருநாள் சுண்ணாம்பு அடித்துப் பூமாலை போட்டு அழுகிற ஊர். மற்ற முன்னூற்று அறுபத்துநான்கு நாளும் பாம்புக்குத்தான் சொந்தம். விலக்கிக்கொண்டு போனார்கள்.

வடமேற்கு மூலையில் மரியபுஷ்பத்தின் கல்லறை துடைத்துவைத்ததுபோல இருந்தது. சுற்றிலும் வரப்பு வெட்டினாற்போல் புல்லைச் செதுக்கி, பக்கத்தில் ஆறடி இடத்தையும் சேர்த்துச் சதுரமாகச் செதுக்கியிருந்தது. சிலுவையின் காலடியில் மெழுகு உருகி உருகி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, செங்கல் உயரத்துக்கு இறுகிக் கிடந்தது. மேலே போன வாரத்து மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று மழையில் வெளுத்துக் கிடந்தது.

சாமியார் குனிந்து மெழுகைத் தொட்டுப் பார்த்தார்.

"வாரா வாரம்னு சொன்னீங்க," என்றார் நிமிர்ந்து. "சரிதான்."

ஜெனிட்டா வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் முழங்கையை இறுகப் பிடித்தது. செபஸ்தியம்மாளின் கை. உள்ளங்கை காய்ப்புக் காய்த்துச் சொரசொரவென்றிருந்தது. ஜெனிட்டா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அருள்ஜோதியைக் காணோம் என்று பார்த்தால், நான்கு வரிசை தள்ளிக் கோரையை இரண்டு கையாலும் விலக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவின் பெயரைத்தான். சற்று நேரம் கழித்து அங்கிருந்தபடியே, யாரையும் பார்க்காமல், "மணி அடிக்கச் சொல்லிருங்க," என்றார்.

வீடு திரும்பும்போதே மணி கேட்டது. ஒன்று, நிறுத்தி ஒன்று. வயலில் நின்றவர்கள் நிமிர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. காலையில் எட்டிப் பார்க்காத ஊர் இரண்டு மணிக்கெல்லாம் கொட்டகையில் உட்கார இடமில்லாமல் நின்றது. எனக்கு அப்பவே தெரியும், பெரியநாயகசாமியாவது சபை மாறுறதாவது, என்று சொல்லாதவர் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அது தானாக வேறு பக்கம் திரும்பினால்தான் உண்டு. நான்கு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். சப்பரம் வராத தெருவிலிருந்து சிலுவை முன்னால் போக, சாமியார் பின்னால் போக, அப்பா கோயிலுக்குள் போனார். தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் சுரந்தது. இரண்டு பேர் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சாமியார் சொன்னதும் இறைப்பதை நிறுத்திப் பெட்டியை இறக்கினார்கள். ஆல்பின் முதல் பிடி மண்ணைப் போட்டான்.

எல்லோரும் போன பிறகும் ஜெனிட்டா நின்றாள். ஆல்பின் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, "சீக்கிரம் வந்துரு," என்று சொல்லிப் போனான். புது மண் மேட்டின் அந்தப்பக்கம் செபஸ்தியம்மாள், மரியபுஷ்பத்தின் கல்லறையை மிதித்து நடந்தவர்கள் அதில் ஒட்டிவிட்டுப் போன சேற்றை ஒரு ஓட்டாஞ்சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா அத்தை?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்." செபஸ்தியம்மாள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "நீ குளிக்கப் போற நேரமாப் பாத்துச் செவுத்தத் தட்டுவாரு ஒங்கப்பா. என்னாண்ணேன்னு போவேன். ஜெனி எப்பயாச்சும்தான் போவுது, அதுமேல தப்பில்ல, நீ ஒரு எட்டுப் போயிட்டு வந்துரு செபஸ்தின்னாரு. அதுலேருந்து போறேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா எங்கிட்ட வாரா வாரம் போனியா போனியான்னு கேட்டாங்க?"

"கேக்காம வுட்டா ஒனக்குச் சந்தேகம் வந்துரும்ல."

ஜெனிட்டாவுக்குச் சட்டென்று பழைய எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. மூன்று வருடம் ஒரே அறையில் கிடந்து, ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காமல், அவள் பொய்யை அவளுக்குத் தெரியாமல் காப்பாற்றிக்கொண்டு ஒரு மனிதர் இருப்பாரா? யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கண்ணைத் துடைத்தாள். துடைத்துத் தீரவில்லை.

"அப்ப எதுக்கு அத்தை அந்த மாதிரி ஊர்ல போய்ச் சொன்னீங்க?"

"பூசைக்குப் போறப்ப கூட வந்தவளுவகிட்ட சொன்னேன். பயந்துபோய்த்தான் சொன்னேன் ஜெனி. செத்தா அவரு ஆத்துமம் என்னாவும்னு. அது நாட்டாண்மை வரைக்கும் போவும்னு கண்டனா? நீ பேசுறதக்கூட ஏதோன்னு வுட்டுட்டேன். அவரு செங்யாட், செங்யாட்னு சொல்லுறப்ப எனக்கு ஈரக்கொல நடுங்கிச்சு. ஏதோ தேவதூதன் பேரச் சொல்லிக் கூப்புடுறாரோன்னு." ஓட்டாஞ்சில்லைக் கீழே போட்டாள். "அப்புடின்னா என்னா?"

"எப்பப் பாத்தாலும்னு அர்த்தம்."

"எது?"

ஜெனிட்டா பதில் சொல்ல வாயெடுத்தாள். எப்பப்ப வலிக்கும் என்பதுதான் நேற்று அவள் கேட்ட கடைசிக் கேள்வி. கேட்டுவிட்டுக் கஞ்சி எடுக்கப் போனாள்.

செபஸ்தியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கேட்கவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் எடுத்து அவள் கையில் வைத்தாள். "இன்னைக்கித் திங்கக்கெழமை," என்று சொல்லிவிட்டு, சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

தீப்பெட்டி நமுத்திருந்தது. மூன்று குச்சி வீணாகி நான்காவதுதான் பிடித்தது. ஜெனிட்டா மெழுகுவர்த்தியைப் புது மண்ணின் இடப்பக்கத்தில் ஊன்றி, காற்றுக்குக் கையை அணைகட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மேற்கே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. இறைத்து ஊற்றிய தண்ணீர் அடுத்த வயலுக்குள் வழிகிற சத்தம் கேட்டது.

மடியில் போன் அடித்தது. ஆறு மணி.

அதை எடுத்து அணைத்தாள். பிறகு, சுடர் அணையாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மெழுகுவர்த்தியை மெதுவாகப் பிடுங்கி வலப்பக்கமாக ஊன்றினாள்.